பாதுகாப்பு யாருக்கு?

பிள்ளை பெற்று நான்கு மாதமான பெண்ணொருத்தி, பாலூட்டிக்கொண்டிருக்கும் காலத்திலேயே தன் உடலின் எடையைக் குறைக்க விரும்புகிறாள். இது மருத்துவர் விடை கூறவேண்டிய விஷயம். இதிலே அறவியலுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால் அந்தப் பெண் தன் விருப்பத்தை வாய்விட்டுச் சொன்ன மறுகணமே அவளைச் சூழ்ந்து எழும் குரல்களைக் கவனித்தால், அங்கு நடைபெறுவது ஒரு நீதி விசாரணை என்பது புலனாகும். "பால் குடுக்கிறவள் வயிறாரத் தின்ன வேணும், இப்ப என்ன வடிவு வேண்டிக் கிடக்கு?" என்பாள் மாமி. அதே மாமி வேறொரு நாள் அயலவர் முன்னிலையில், "என்ன பிள்ளை, நல்லாய் ஊதிப்போனாய்" என்றும் சொல்வாள். உண்டால் ஒரு குற்றம். உண்ணாவிட்டால் இன்னொரு குற்றம்.

இவ்விரு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், அவற்றுக்குப் பொதுவான அடித்தளம் ஒன்றுண்டு. இரண்டிலும் அவளுடைய உடலைப் பற்றித் தீர்மானிக்கும் உரிமை அவளிடம் இல்லை. ஒன்றில் அது குழந்தையின் உணவுக் களஞ்சியம். மற்றதில் அது ஊரார் கண்ணுக்குரிய காட்சிப்பொருள். பாலூட்டும் காலத்தில் எடையைப் பாதுகாப்பாகக் குறைக்கலாமா என்று வினவுகிறவர்களிடம் நாம் திரும்பக் கேட்கவேண்டிய கேள்வி இதுவே: பாதுகாப்பு யாருக்கு?

இக்கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள, யாழ்ப்பாணத்துத் தீவகத்தின் கிணறுகளைச் சற்று நோக்குவது பயன்தரும்.

வேலணைத் தீவின் கரையோரக் கிராமமாகிய சாட்டியை வெள்ளை மணற் கடற்கரைக்காகவும் சிந்தாத்திரை மாதா கோவிலுக்காகவும் வெளியூரார் அறிவர். தீவகத்து மக்கள் அதனை வேறொரு காரணத்துக்காகவும் அறிவர். கடலுக்கு வெகு அண்மையில் இருந்தும் சாட்டியின் கிணறுகளில் நன்னீர் ஊறுகிறது. உவர்நீரோடு மாரடிக்கும் அயலூர்களுக்கும் தீவுகளுக்கும் அந்த நீர் நெடுங்காலமாகத் தாகந் தீர்த்து வந்திருக்கிறது. மாரிமழை மணலினூடாக இறங்கி, நிலத்தடியிலுள்ள கனத்த உவர்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலநீரியலாளர் கண்ட கணக்கு. மேலே ஓரடி இறைத்துக் குறைத்தால் கீழே நாற்பதடி உவர் ஏறும். ஆகவே துலா மிதித்துப் பட்டையால் அளவாக இறைத்தவரை பிழைத்த கிணறு, இயந்திரம் பூட்டி ஓயாது இறைத்தால் உவர்ந்துவிடும். மெல்ல எடுத்தால் ஊறும். அவசரப்பட்டு எடுத்தால் கெடும்.

தாயின் உடலுக்கும் இவ்விதி பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் ஓரிடத்தில் உவமை முறிகிறது. அந்த முறிவிலேதான் நமது வினாவின் உயிர்நிலை இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு உவர்நீரைத் தந்து ஊரை எச்சரிக்கும். அளவுக்கு மிஞ்சிக் கொடுத்த தாயோ எவரையும் எச்சரிப்பதில்லை. அவளது பால் பெரும்பாலும் தரங்கெடாமலே சுரந்துகொண்டிருக்கும். உணவிலே கல்சியம் போதாவிடினும் பாலிலே அது பெரிதும் குறைவதில்லை. தாயின் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. பாலூட்டும் மாதங்களில் ஒரு தாய் தன் எலும்புத் திண்மத்தில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை இழக்கிறாள் என்றும், பால் மறக்கச் செய்தபின் அது பெரும்பாலும் மீளுகிறது என்றும் மருத்துவ ஆராய்ச்சி கூறுகிறது. இது இயற்கையின் ஏற்பாடு. மீளுவதற்கு வேண்டிய உணவையும் ஓய்வையும் கொடுப்பதோ கொடாமல் விடுவதோ சமுதாயத்தின் ஏற்பாடு.

ஆபிரிக்காவிலுள்ள கம்பியா நாட்டில், கெனேபா என்ற கிராமத்தில், 1980களின் தொடக்கத்தில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. அரைவயிற்றுணவோடு வயலில் உழைத்த பாலூட்டும் தாய்மாருக்கு மேலதிக உணவு வழங்கப்பட்டது. தாய்மாரின் எடை சற்றே கூடியது. பாலின் அளவோ கூடவில்லை. இம்முடிவிலிருந்து இரண்டு அனுமானங்களைச் செய்யலாம். பால் கூடவில்லை, ஆகவே கொடுத்த உணவு வீண் என்பது ஒன்று. உணவு தாயின் உடலிலே சேர்ந்தது, ஆகவே அது சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தது என்பது மற்றது. முதலாவது அனுமானத்தைச் செய்கிறவன் தாயை ஒரு குழாயாகக் காண்கிறான். இரண்டாவதைச் செய்கிறவன் அவளை மனுஷியாகக் காண்கிறான். விஞ்ஞானம் எண்களைத் தரும்; எந்தக் கண்ணால் அவற்றை நோக்குவது என்பதை அது நமக்காகத் தீர்மானித்துத் தராது.

இனி, எடை குறைக்க விரும்புதல் வெறும் அலங்கார மோகமா என்பதை நோக்குவோம்.

கருவுற்ற காலத்தில் உடல் கொழுப்பைச் சேர்த்து வைப்பது பின்னர் பாலாக வார்ப்பதற்கே. உலக உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதல் ஆறு மாதங்களில் பாலூட்டுவதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 675 கலோரி செலவாகிறது. நல்ல போசாக்குள்ள தாய்க்கு அதில் 170 கலோரி அவள் சேர்த்துவைத்த கொழுப்பிலிருந்தே கிடைக்கும். எஞ்சிய 505 கலோரியை மேலதிகமாக உண்டால் போதும். போசாக்குக் குறைந்த தாய்க்கோ சேமிப்பு இல்லை. அவள் 675 கலோரியையும் உணவிலேயே தேட வேண்டும். இந்த 170 கலோரி நம் கவனத்துக்குரியது. உடலிலே முதல் உள்ளவள் குறைவாக உண்டும் சமாளிக்கலாம். முதல் இல்லாதவள் கூடுதலாக உண்ணவேண்டும். ஆனால் கூடுதலாக உண்பதற்கு வழியில்லாதவளும் அவளே. வர்க்க வேறுபாடு ஒரு தாயின் நாளாந்தக் கணக்கிலே எவ்வாறு பதிகிறது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுமா?

நமது தீவகத்திலே இவ்விரு தாய்மாரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கிறார்கள். ஒருத்தி மெலிந்தவள். அவளுக்கு எடை குறைப்பைப் பற்றிய பேச்சே கொடுமையான பகிடி. மற்றவள் பருத்தவள், ஆனால் அவள் செல்வத்தினால் பருத்தவள் என்று எண்ணுவது தவறு. மலிவான வெள்ளை அரிசிச் சோறும் பாணும் பணிசும், நாலு நேரமும் சீனி அள்ளிப் போட்ட தேநீரும் அவளுடைய உணவு. பசியை அடக்குவது மாச்சத்து, புரதம் விலைக்குரியது. கணவனும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சிய குழம்போடு சோற்றைப் பிசைந்து உண்கிறவளின் உடலில் எடையும் இருக்கும், இரத்தச்சோகையும் இருக்கும். இவளுக்குக் கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்டிருந்தால், பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் அபாயம் ஏனைய பெண்களிலும் பல மடங்கு கூடுதல். மேலதிக எடையைக் குறைப்பது அந்த அபாயத்தைக் குறைக்கும். ஆகவே இவளுடைய விருப்பத்தை வடிவு மோகம் என்று எள்ளி நகையாடுதல் அறியாமை. வடிவுக்காகவே அவள் விரும்பினாலுங்கூட, தன் உடல் தனக்கு இசைவாய் இருக்கவேண்டும் என்று ஒரு மனிதப் பிறவி ஆசைப்படுவதை எந்த அறநூல் குற்றமெனக் கூறும்?

சரி, அது இயலுமா? இயலும் என்பதே ஆராய்ச்சியின் விடை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மிகை எடையுடைய, தாய்ப்பால் ஊட்டும் 40 பெண்கள் கலந்துகொண்டனர். பிரசவித்து நான்கு வாரங்கள் கழித்து ஒரு பிரிவினர் நாளாந்த உணவில் 500 கலோரியைக் குறைத்து, வாரத்தில் நான்கு நாள் 45 நிமிடம் தேகப்பயிற்சி செய்தனர். பத்து வாரங்களில், வாரத்துக்கு அரைக் கிலோ வீதம், அவர்கள் ஏறத்தாழ 4.8 கிலோ குறைந்தனர். அவர்களுடைய குழந்தைகளின் வளர்ச்சி மற்றப் பிரிவினரின் குழந்தைகளது வளர்ச்சிக்கு எவ்வகையிலும் குறையவில்லை.

இவ்வறிவை நடைமுறைக்குக் கொண்டுவருமிடத்துப் பின்வருவன மனங்கொள்ளத்தக்கவை. பால் நன்கு சுரந்து நிலைபெறும் வரை, அதாவது முதல் ஆறு அல்லது எட்டு வாரங்கள், எடையைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைப்பது நலம். வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுக்கப்பட்டவர்களும், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கலந்தே எதையும் தொடங்க வேண்டும். வாரத்துக்கு அரைக் கிலோ என்ற அளவுக்கு மேல் அவசரப்படலாகாது. நாளொன்றுக்கு 1500 கலோரிக்குக் கீழே உணவு இறங்கலாகாது. பெரும்பாலான தாய்மாருக்கு 1800 கலோரியேனும் வேண்டும். குறைக்கவேண்டியவை சீனி, எண்ணெய்ப் பலகாரம், மாப்பண்டம் ஆகியவை. குறைக்கலாகாதவை மீன், முட்டை, பருப்பு, கீரை, பழம் ஆகியவை. தாகத்துக்கு வேண்டிய தண்ணீர் எந்நேரமும் அருகில் இருக்கவேண்டும். குழந்தையின் எடை மாதந்தோறும் வளர்ச்சிப் பதிவேட்டில் குறிக்கப்படட்டும். அந்தக் கோடு தளர்ந்தால் குடும்பநல மாதிடம் உடனே காட்டுக. தாய்க்குத் தலைச்சுற்றும் சோர்வும் கண்டால், குழந்தை கொழுகொழுவென்று இருந்தாலும், அந்த முயற்சியை நிறுத்துக. இந்தக் கடைசி விதியையே நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம்.

நமது மரபிலும் கொள்வனவும் தள்ளுவனவும் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கு அரைத்த கறியும், உள்ளியும் முருங்கையிலையும், சுறா வறையும் கொடுத்த யாழ்ப்பாணத்து வழக்கத்திலே ஓர் உயர்ந்த கருத்துப் பொதிந்திருந்தது: குறைந்தது 31 நாள், துடக்குக் கழியும்வரை, இவள் வேலை செய்யவேண்டியவள் அல்லள், இவளைப் பிறர் கவனிக்க வேண்டும். துடக்கு என்ற தீண்டாமைக் கருத்தைத் தள்ளிவிடலாம். ஓய்வு என்ற உரிமையைத் தள்ளலாகாது. பெருஞ் சுறாக்களின் தசையில் பாதரசம் கூடுதலாகச் சேர்வதால், அடிக்கடி உண்பதற்குச் சூடை போன்ற சிறு மீன்களே ஏற்றவை. அவை மலிவானவை; தீவகத்துக் கரைகளிலே கிடைப்பவை.

இதுகாறும் கூறியவை யாவும் எளிய விஷயங்களே. எளியவற்றையும் அரியவையாக்குவது எது?

மேற்கூறிய ஆய்விலே 45 நிமிடம் என்றொரு சொற்றொடர் வந்தது. சாட்டியிலே ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அவளுடைய கணவன் இரவிலே கடலுக்குப் போய் விடியற்காலையில் கரை திரும்புகிறவன். மூத்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்; மீனைத் தெரிய வேண்டும்; சமைக்க வேண்டும்; ஆடுகளுக்குக் குழை ஒடிக்க வேண்டும். அவள் 45 நிமிடம் நடப்பதற்குக் கடற்கரை இருக்கிறது, காற்றும் இருக்கிறது. அந்த 45 நிமிடமும் குழந்தையை யார் வைத்திருப்பது? கணவனா? மாமியா? ஊரிலே ஒரு குழந்தைக் காப்பகமா? இக்கேள்விக்கு விடை இல்லாத வீட்டிலே, எடை குறைப்பதற்கு எஞ்சியிருக்கும் ஒரே வழி பட்டினி. நேரம் இல்லாதவள் உணவைக் குறைக்கிறாள். பாதுகாப்பற்ற முறையை அவள் அறியாமையால் தெரிவுசெய்கிறாள் என்று நாம் உபதேசிக்கிறோம். அவளுக்குத் தெரிவு இருந்ததா என்று கேட்பதில்லை.

சட்டம் என்ன செய்திருக்கிறது? 1939ஆம் ஆண்டின் பேறுகால நன்மைகள் கட்டளைச்சட்டம் இந்நாட்டு உழைக்கும் பெண்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை வேலை நேரத்திலே இரண்டு பாலூட்டல் இடைவேளைகளை அது உறுதிசெய்கிறது. காப்பகம் உள்ள இடத்தில் அரை மணி நேரம், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம். இரண்டு பிள்ளைகளுக்கு மேற்பட்டவளுக்கு விடுமுறையை அரைவாசியாக்கிய அநீதியும் 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. இப்போது எந்தப் பிரசவத்துக்கும் 12 வாரம் உண்டு. ஆனால் இவை எல்லாம் முதலாளி ஒருவனிடம் சம்பளம் பெறுகிறவளுக்கு உரியவை. வலையிலிருந்து மீன் கழற்றுகிறவளுக்கும், பனையோலை பின்னுகிறவளுக்கும், யுத்தம் கணவனைப் பறித்தபின் தனித்து நின்று குடும்பத்தைத் தாங்குகிறவளுக்கும் எந்த இடைவேளை? உற்பத்தி என்பது வாழ்க்கைச் சாதனங்களின் உற்பத்தி, மனிதரின் உற்பத்தி என இருவகைப்படும் என்று 1884இலேயே எங்கெல்ஸ் எழுதினார். முதலாவதற்குக் கூலி கேட்க நாம் கற்றுக்கொண்டோம்; இரண்டாவது இன்னும் அன்பு என்ற பெயரில் இலவசமாக நடைபெறுகிறது.

இந்த வெற்றிடத்திலேதான் சந்தை நுழைகிறது. மருத்துவராகிய சிசிலி வில்லியம்ஸ் அம்மையார் 1939இல் சிங்கப்பூரிலே, "பாலும் கொலையும்" என்ற பொருள்படும் தலைப்பில் ஆற்றிய உரையில், தாய்ப்பாலுக்குப் பதிலாகத் தகரப்பாலைப் புகுத்திய விளம்பரங்களைக் கடுமையாகக் கண்டித்தார். 1981இல் உலக சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களை விற்பதற்கான விதிக்கோவையை 118 வாக்குகளால் நிறைவேற்றியபோது, எதிர்த்து வாக்களித்த நாடு அமெரிக்கா ஒன்றே. இலங்கை 1983இல் தனக்கென ஒரு விதிக்கோவையை ஆக்கிக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட நமது குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பாலை மட்டுமே அருந்தினர். இது பெருமைக்குரிய சாதனை. அந்தச் சாதனையைச் செய்தவர்கள் யார்? அந்த நூற்றுக்கு 82 பேரின் தாய்மார். அவர்களுடைய எலும்பின் கணக்கை, உறக்கத்தின் கணக்கை எந்தப் புள்ளிவிவரம் எழுதிவைத்தது?

அன்று பால்மா விற்றவனின் இடத்திலே இன்று மெலிவதற்கு மருந்து விற்கிறவனும் வந்து நிற்கிறான். மூலிகைத் தேநீர், பேதிக் குளிசை, புதிதாக வந்துள்ள ஊசிகள் எனக் கைத்தொலைபேசியின் திரையிலே தீவகத்துக் குடிசை வரைக்கும் விளம்பரம் வருகிறது. பிள்ளை பெற்ற ஆறாம் வாரத்திலே ஒட்டிய வயிற்றோடு நடனமாடும் நடிகையின் படம் அதற்குச் சாட்சி. அந்த நடிகைக்குச் சமையற்காரரும் ஆயாவும் பயிற்சியாளரும் உண்டென்பது படத்தில் விழுவதில்லை. இம்மருந்துகள் பாலூட்டும் தாய்மாருக்கு ஏற்றவை என நிறுவப்படவில்லை; அவற்றைத் தொடாதிருப்பதே அறிவு. ஆனால் விற்பவனைக் கண்டித்துவிட்டு வாங்குபவளை ஏளனம் செய்வதோடு நமது கடமை முடிந்துவிடாது. அவளுக்கு வேறு எவரும் எதையும் கொடுக்க முன்வராத இடத்திலேதான் அவன் கடை விரித்தான்.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழக்கூடும். குழந்தை பேசாத ஜீவன். தன் உரிமையைக் கேட்க அதற்கு வாயில்லை. ஆதலின் தாயின் நலத்தைவிடக் குழந்தையின் நலமே முதன்மையானதன்றோ? இது நேர்மையான ஆட்சேபம். குழந்தைக்கு முன்னுரிமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மறுப்பது ஒன்றையே: அந்த முன்னுரிமைக்கான விலையைத் தாய் ஒருத்தியே கொடுக்கவேண்டும் என்ற முடிவை. தகப்பனுக்கும் வீட்டாருக்கும் ஊருக்கும் அரசுக்கும் அக்குழந்தையின் மேல் கடமை உண்டு. அவர்கள் தத்தம் பங்கைச் செலுத்தாதபோது, அந்தப் பங்கும் தாயின் உடலிலிருந்து அறவிடப்படுகிறது. பின்னர் அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டப்படுகிறது. மனமுவந்து கொடுப்பது தியாகம்; மறுக்க வழியில்லாதவளிடம் எடுப்பதற்கு வேறு பெயர் உண்டு. தாயும் சேயும் ஒருவர் நலத்துக்கு மற்றவர் பகையாகத் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும், மூன்றாவது ஆள் ஒருவர் தன் கடமையிலிருந்து நழுவியிருப்பதைக் காணலாம்.

அரசும் நழுவியதுண்டு. பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்குமாக 1973இல் தொடங்கப்பட்ட திரிபோஷாத் திட்டம் இந்நாட்டின் நல்ல மரபுகளுள் ஒன்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே அதன் உற்பத்தி தடைப்பட்டுத் தடுமாறியது. கஜானா வற்றும்போது முதலிலே குறைக்கப்படும் பாத்திரம் யாருடையது என்பதை அந்த ஆண்டு நமக்குக் காட்டியது.

ஆகவே, பாதுகாப்பு யாருக்கு என்ற வினாவுக்கு நமது விடை இருவருக்கும் என்பதே. இந்த விடை சொல்வதற்கு எளியது. செய்வதற்குச் சில காரியங்கள் வேண்டும். தாய்சேய் நல நிலையத்திலே குழந்தையை நிறுக்கும் அன்று தாயும் நிறுக்கப்படட்டும். அவளுடைய குருதியும் சோர்வும் உறக்கமும் விசாரிக்கப்படட்டும். மெலிந்தவளுக்கு உணவும், பருத்தவளுக்கு ஏளனமற்ற ஆலோசனையும் கிடைக்கட்டும். ஊர்தோறும் மாதர் சங்கங்களும் வாசிகசாலைகளும் சேர்ந்து, சில மணி நேரமேனும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடங்களை அமைக்கட்டும். சங்கத்திலே உழைப்பாளர் உரிமையைப் பேசிவிட்டு வீடு திரும்பும் ஆசிரியர், அன்று மாலை தம் குழந்தையை 45 நிமிடம் ஏந்தி வைத்திருக்கட்டும். மாணவர்கள் இதனை நகைச்சுவையாக எண்ணாதிருப்பார்களாக. கொள்கை வீட்டு முற்றத்தைத் தாண்டி உள்ளே வருகிறதா என்று சோதிப்பதற்கு இதைவிட எளிய சோதனை வேறில்லை.